கன்னிக்கால் நட்ட வீட்டில் என் பாட்டு

தங்கமக்கா அன்றைக்குத் தன் ரேடியோவுக்கு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கே, அந்தச் சின்னத் தெரு முழுவதுக்குமே, ரேடியோ என்றிருந்தது அந்த ஒன்றுதான். மற்ற நாட்களில் அதன்மேல் பின்னல் துணி மூடிக் கிடக்கும். பிள்ளைகள் கிட்டப் போனால் கையில் அடி விழும். அன்று துணியை எடுத்துவிட்டு, சாமிப் படத்துக்கு வைக்கிற சரத்தை அதற்கு வைத்திருந்தார்.

காரணம் நான்தான். சனிக்கிழமை பின்னேர நடன இசை நிகழ்ச்சியில், நானே எழுதி நானே பாடிய பாட்டு முதல் தடவையாக வானொலியில் வரப்போகிறது. முந்திய கிழமையே பாடிப் பதிவு செய்து கொடுத்துவிட்டதால், என் பாட்டை நானே இருந்து கேட்கிற பாக்கியமும் எனக்கு. ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் அந்த விறாந்தையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

அது கலியாண வீடும்கூட. தங்கமக்காவின் மகள் ராஜிக்கு அடுத்த கிழமை கலியாணம். முற்றத்தில் முருக்கந்தடி நாட்டி, மஞ்சள் துணி கட்டி, கன்னிக்கால் நட்டாகிவிட்டது. அதை நட்டால் கலியாணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு செத்தவீட்டுக்குப் போய்வந்த ஆள் அந்தப் படலை வாசலைத் தாண்ட மாட்டார். அழுகிற குழந்தையைக்கூட வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

மாப்பிள்ளையின் தாய் வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்தார். கூறைச் சேலைக்குச் சட்டை தைக்க அளவெடுக்க வந்தவரை, எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ரேடியோவில் பாடுது, இருந்து கேட்டுவிட்டுப் போங்கோ என்று மறித்து இருத்தியது தங்கமக்காதான். சம்பந்திக்கு முன்னால் ரேடியோவையும் காட்டலாம், என்னையும் காட்டலாம்.

மாமி கதவு நிலையில் சாய்ந்து நின்றார். என் அப்பாவின் தங்கை, என்னை வளர்த்தவர். ஞாயிறுகளில் நான் ஒரு ஹோட்டலில் பாடிவந்ததை அவர் அதுவரை கேட்டதே இல்லை. இடியப்ப மா ஒட்டிய சேலையை மாற்றிவிட்டு, நல்லூர்க் கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ரேடியோ கொஞ்சம் கரகரத்தது. கிளாரினெட் தொடங்கியது.

இங்கே நிறுத்துகிறேன். பாதியில் விட்டுவிட்டுப் போகிறாளே என்று திட்டாதீர்கள். போன வாரம் இந்தத் தொடரில், மைக்கைக் கண்டு நான் நடுங்கிய கதையைப் படித்து வயிறு நோகச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. அந்த விறாந்தைக்குத் திரும்பிப் போக எனக்கே கால் கூசுகிறது, அதனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகிறேன்.

செல்வமலர், செல்மா ஆன விதம்

அம்மா செத்தபோது நான் சின்னப் பிள்ளை, பாவாடை கட்டத் தெரியாத வயது. அப்பா இரண்டாம் கலியாணம் கட்டிக்கொண்டு மாத்தளைப் பக்கம் போய்விட்டார். மாமி கலியாணமே கட்டவில்லை. புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்த கிளாக்கர்மாருக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்து என்னைப் படிக்கவைத்தார்.

கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம். பாட்டுக் குழுவில் என்னைச் சேர்த்தார்கள், அடிக்கடி வெளியே நிறுத்தவும் செய்தார்கள். என் குற்றம் என்னவென்றால், பாட்டில் எல்லோரும் ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நான் ஆறுதலாக, மெல்ல வந்து சேருவேன். வேண்டுமென்று செய்யவில்லை, எனக்கு அப்படித்தான் வந்தது. உனக்கு யார் இந்தச் சோம்பேறிப் பாட்டைப் பழக்கினது என்று சிஸ்டர் கேட்பார்.

அந்தக் குற்றத்துக்குச் சம்பளம் கொடுக்க ஒரு மனிதர் வந்தார். வெர்னன் என்று பெயர், பம்பலப்பிட்டியில் பியானோ படிப்பித்த பறங்கிக்காரர். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் ஞாயிறு பின்னேரங்களில் தேநீர் நடனத்துக்கு வாசிக்கும் பாண்ட் அவருடையது. பள்ளிக்கூட விழாவுக்குப் பியானோ வாசிக்க வந்தவர், நான் பிந்திப் பிந்தி வருவதைக் கேட்டுவிட்டு, இந்தப் பெண்ணைத் திருத்திவிடாதீர்கள் என்று சிஸ்டரிடம் கெஞ்சினார். ஜாஸ் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அவர் வாயால்தான். செல்மா என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

மாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். விளக்கு வைக்க முதல் வீடு வந்து சேரவேண்டும். உங்கட மருமகள் ஹோட்டலில பாடுறாளாமே என்று ஒழுங்கையில் யாரும் இழுத்தால், பள்ளிக்கூடத்தில் பாடுவதுபோலத்தான், அங்கே கேக்கும் கொடுக்கிறார்கள் என்று வாயை அடைத்துவிடுவார்.

எனக்கு மேடைக் கவுனும் மாமியே தைத்தார். கழுத்து வரை மூடி, முழங்கைக்குக் கீழே கை வைத்து, கான்வென்ட் பிள்ளைக்குத் தைத்த மாதிரி. நடனத்துக்கு வருகிற பெண்களுக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. வெர்னனின் தங்கை வீட்டில் கழுத்தை உள்ளே மடித்து ஊசி குத்திக்கொள்வேன், திரும்பும்போது ஊசியைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வருவேன். வெட்கம் என்றால் அதுதான் என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு மடைச்சி!

அம்மாவிடமிருந்து ஒன்றே ஒன்று

அம்மாவின் படம்கூட எங்களிடம் இல்லை. அம்மாவைப் பற்றிக் கேட்டால் மாமி எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவார், அதனால் நான் கேட்பதையே விட்டுவிட்டேன். ஆனால் என்னிடம் ஒரு ராகம் இருந்தது.

மேலே ஓரிடத்தில் நீளமாகத் தொடங்கும். பிறகு படி இறங்குவதுபோல இறங்கி, கடைசியில் கொஞ்சம் நடுங்கி அறுந்துவிடும். இரண்டு அடிதான். அதோடு சேர்ந்து ஒரு மடி ஞாபகம் வரும். அவிழ்ந்த தலைமுடி என் முகத்தில் படுவதும், ஈரச் சேலை மணமும், கற்பூர மணமும் ஞாபகம் வரும். அது அம்மாவின் மடி என்றும், அம்மா எனக்குப் பாடிய தாலாட்டு அது என்றும் நான் முடிவு கட்டியிருந்தேன். யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒரு அம்மா வேண்டியிருந்தது, நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மாமி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, குளிக்கும்போது மட்டும் பாடுவேன். ஒருநாள் ஹோட்டலில் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னை எதையாவது பாடச் சொன்னார்கள். வாயில் அதுதான் வந்தது. வெர்னன் பியானோவில் அதைத் தேடிப் பார்த்தார். தேடினார், தேடினார், கிடைக்கவில்லை. இந்த இடத்தில் நீ இரண்டு கட்டைக்கு நடுவில் எங்கேயோ போய் விழுகிறாய், என்னிடம் அந்தக் கட்டை இல்லை என்றார். உங்கள் ஆட்களிடமும் ப்ளூஸ் இருக்கிறதா என்று கேட்டார்.

இது என் அம்மாவின் தாலாட்டு என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

அவர் அதற்கு நடனத்துக்கு ஏற்ற நடை போட்டார். டிரம்ஸில் தடிக்குப் பதில் பிரஷ், முன்னால் கிளாரினெட். நான் இங்கிலீஷில் சொற்கள் எழுதினேன். கிராண்ட்பாஸ் ட்ராமில் ஒரு பெட்டை தன் காதலனைப் பார்த்து, இறங்கிவிடாதே, இன்னும் ஒரு தரிப்பு என்னோடு இரு என்று கேட்கிறாள். ட்ராம் மணி அடிக்கிறது, அவன் இறங்கத்தான் போகிறான். அவ்வளவுதான் பாட்டு. ஆடுகிறவர்களுக்கு அது பிடித்துப்போனது. வானொலி நிலையத்திலிருந்தும் கேட்டு வந்தார்கள்.

சரி. இனித் தப்ப முடியாது, திரும்பிப் போவோம்.

விறாந்தையில்

கிளாரினெட் முடிந்து என் குரல் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் குனிந்துகொண்டு, எல்லோரும் என்னைப் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஒருவரும் பார்க்கவில்லை. வயதான பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு மனிசி சேலைத் தலைப்பால் வாயை மூடினார். அதிசயித்துப்போய்விட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன், அந்த நினைப்பை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. ராஜி மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், பாவம்.

இரண்டாவது அடி வந்தது. மேலே நீளமாக இழுத்து, இறங்கி, நடுங்கி அறுந்தது. மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணிக் கிளாசை நிலத்தில் வைத்தார்.

"இது ஒப்பாரியெல்லோ," என்றார்.

சத்தம் போடவில்லை. ஒரு சாமானைத் தூக்கிப் பார்த்து இன்னதென்று சொல்லுவதுபோலச் சொன்னார். தங்கமக்கா பாய்ந்துபோய் ரேடியோவை நிறுத்தினார். தாளம் தட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் இன்னும் கொஞ்சநேரம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பாரி செத்தவர் கிடக்கிற வீட்டில் வைப்பது. சும்மா இருக்கிற வீட்டில் அதை வாய்க்குள் முணுமுணுத்தாலும் மூத்தவர்கள் அடிக்க வருவார்கள். அதைப் பாடினால் சாவை வா என்று கூப்பிடுவதாக அர்த்தம். நான் கன்னிக்கால் நட்ட வீட்டில், கலியாணப் பொம்பிளையை நடுவில் இருத்திவைத்துக்கொண்டு, ரேடியோவில் பூவும் வைத்து அதைப் பாடியிருக்கிறேன்.

மாப்பிள்ளையின் தாய் எழும்பி, அளவு நாடாவைச் சுருட்டி, பைக்குள் போட்டுக்கொண்டு படலையால் போய்விட்டார். போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை. செத்தவீட்டிலிருந்து போகிறவர்கள்தான் அப்படிச் சொல்லாமல் போவார்கள். அந்த விறாந்தையில் இருந்த எல்லோருக்கும் அது விளங்கியது. ராஜிக்கும் விளங்கியது. அவள் எழும்பி உள்ளே ஓடினாள்.

எனக்கு அப்போதும் ஏறவில்லை. வெட்கத்தில் கோபம் வந்தது, கத்தினேன். இது என் அம்மாவின் தாலாட்டு, உங்களுக்கு என்ன தெரியும் என்று கத்தினேன்.

தங்கமக்கா என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் இரக்கப்பட்டார்.

"உன்ட அம்மாவுக்குத்தான் பிள்ளை," என்றார். "உன்ட அம்மா செத்துக் கிடக்கேக்கை மாமி வைச்சது. நீ அவவின்ட மடியில இருந்தனி. நானும் பக்கத்திலதான் இருந்தனான்."

செத்தவீடுகளுக்கு மாமி என்னைக் கூட்டிக்கொண்டு போனதே இல்லை. ஒப்பாரி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரிய வழியில்லை. நான் மாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தங்கமக்காவின் காலில் விழுந்துகொண்டிருந்தார்.

என் மாமி ஒருவர் காலிலும் விழுந்தவர் அல்ல. அப்பா என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போனபோதுகூட ஒரு சொல் கேட்காமல் நின்றவர். அவர் நல்ல சேலையோடு நிலத்தில் விழுந்து, தாயில்லாப் பிள்ளை, தெரியாமல் செய்துபோட்டுது என்று அழுதார். பிறகு மஞ்சள் தண்ணி கரைத்துக் கன்னிக்காலுக்குத் தெளித்தார். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து விறாந்தை முழுவதையும் தானே கழுவினார். நான் உதவப் போனேன். வேண்டாம் என்று தங்கமக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் தொட்டால் திரும்பவும் கழுவவேண்டும்.

சுவரோடு நின்றேன். மாமி குனிந்து கழுவிக்கொண்டு என் பக்கம் வர, காலைத் தூக்கிக் கொடுத்தேன்.

மறுநாள்

ஞாயிறு காலை மாமி வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினார். மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தை நிறுத்தினால் ராஜியின் பெயர் கெட்டுவிடும். அதன்பிறகு அந்தப் பிள்ளைக்கு யார் வருவார்? என்னால் அழிந்தாள் என்றுதான் ஒழுங்கை சொல்லும், அது உண்மையும்தான். நானும் வருகிறேன் என்றேன். மாமி வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

பின்னேரம் நான் ஹோட்டலுக்குப் போனேன், அந்தப் பாட்டைப் பாட மாட்டேன் என்று சொல்லத்தான். வெர்னனுக்கு விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், முகம் கறுத்துப்போனது. ரேடியோவில் கேட்டுவிட்டு அதைக் கேட்பதற்கென்றே வந்திருக்கிறார்கள், கிளாரினெட்டில் மட்டும் வாசித்துவிடுகிறோம், நீ கதிரையில் இரு என்றார். ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் மேடை ஓரத்தில் கதிரையில் இருந்தேன். கிளாரினெட்காரன் தொடங்கினான். அந்த இடம் வந்தது, நான் இரண்டு கட்டைக்கு நடுவில் விழுகிற இடம். அவன் அதை நேரே வாசித்துவிட்டுப் போனான். சுத்தமாக, பிழையில்லாமல், ஒன்றுமில்லாமல். எனக்குப் பல் கூசியது. மடையா, அங்கே இல்லையடா, அங்கே இல்லை என்று உள்ளுக்குள் கத்தினேன். அடுத்த சுற்றில் அந்த இடம் வருவதற்கு முன் நான் எழும்பி மைக்குக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

முந்திய நாள்வரை அதைத் தாலாட்டு என்று நினைத்துப் பாடினேன். அன்று அது என்ன என்று தெரிந்து பாடினேன். அம்மா எப்படிக் கிடந்திருப்பார் என்று தெரிந்தது. இறங்கிவிடாதே என்று யாரைப் பார்த்துச் சொல்லுகிறேன் என்று தெரிந்தது. குரல் நான் கேட்ட இடத்துக்கெல்லாம் போனது, கேட்காத இடத்துக்கும் போனது. ஆடிக்கொண்டிருந்த சிலர் ஆட்டத்தை விட்டுவிட்டு நின்று என்னைப் பார்த்தார்கள். முடிந்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை. வெர்னன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைத்தான் எழுத வெட்கமாக இருக்கிறது, இதற்காகத்தான் இவ்வளவு சுற்றினேன். மாமி அந்த நேரம் வெள்ளவத்தையில் யாருடைய வாசலில் நின்றுகொண்டிருந்தாரோ தெரியாது. அம்மாவின் பிணத்துக்கு வைத்த பாட்டுக்குக் கைதட்டுகிறார்கள் என்றும் தெரியும். தெரிந்துகொண்டும் சந்தோஷப்பட்டேன். இன்னும் ஒருமுறை பாடச் சொல்லிக் கேட்கமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

விளக்கு வைக்க முதல்

வீட்டுக்கு வந்தபோது மாமி அடுப்படியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். கிளாக்கர்மாருக்கு ஞாயிறு, திங்கள் என்று பார்த்தா பசிக்கும்?

கலியாணம் நடக்கும் என்றார். நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் போகாவிட்டால் சரியாம். என்ன சொல்லிச் சம்மதிக்கவைத்தார் என்று அன்றும் சொல்லவில்லை, சாகும்வரையும் சொல்லவில்லை. ராஜி நன்றாக வாழ்ந்தாள், பேரப்பிள்ளைகளும் கண்டாள். அதைச் சொல்லிவிட்டேன், நீங்கள் யோசிக்கவேண்டாம்.

நான் கவுனோடு வாசலில் நின்றேன். அன்று கழுத்து ஊசியைக் கழற்ற மறந்துவிட்டேன். மாமி அதைப் பார்த்தார். இடியப்ப உரலை அழுத்திக்கொண்டே கேட்டார்.

"இண்டைக்கும் பாடினியே?"

"ஓம் மாமி."

"கை தட்டினவையே?"

"ஓம்."

"உனக்குச் சந்தோசமா இருந்ததே?"

கழுத்து ஊசியைக் கையால் பொத்திக்கொண்டேன். இனி அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். மாமி அடுத்த தட்டை எடுத்துப் பிழிந்தார்.

"உன்ட அம்மா கிடந்த அண்டைக்கு எனக்குக் கண்ணீர் வரேல்லை," என்றார். "பாட்டுத்தான் வந்தது. நான் முதல் அடி எடுத்த உடனை மற்றப் பொம்பிளையள் அழுகிறதை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டவை. இவளை மாதிரி ஒருத்தராலையும் வைக்கேலாது எண்டு என்ட காதுபடச் சொன்னவை. எனக்கு நல்லா இருந்தது பிள்ளை. அவள் முன்னாலை கிடக்கிறாள், எனக்கு இன்னொருக்கால் பாடவேணும் போல இருந்தது. அதுக்குப் பிறகு நான் ஒரு செத்தவீட்டிலயும் வாய் திறக்கேல்லை."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் என் பக்கம் திரும்பவில்லை. மா ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"உன்ட பாட்டில இரண்டு அடிதானே இருக்கு?" என்றார்.

"ஓம்."

"மூண்டாவது ஒண்டு இருக்கு."

எழும்பிப் போய்த் தங்கமக்கா வீட்டுப் பக்கத்து யன்னலைச் சாத்தினார். கதவுக்கும் கொண்டி போட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து இருந்து, ஒருவருக்கும் கேட்காத குரலில், அதைப் பாடினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அதையும் சேர்த்துப் பாடினேன்.